ஒரே ஒரு பொய்

விஞ்ஞானக் கதை எழுதுகிறவருக்கும் அதைப் படமாக எடுக்கிறவருக்கும் ரசிகன் என்ற முறையில் நான் ஒரு சலுகை வைத்திருக்கிறேன். ஒரே ஒரு பொய் சொல்லிக்கொள்ளலாம். எவ்வளவு பெரிய பொய்யாக இருந்தாலும் மறுபேச்சில்லாமல் நம்பிவிடுவேன். இரண்டாவது பொய் வந்தால் எழுந்து பாப்கார்ன் வாங்கப் போய்விடுவேன்.

இந்தச் சட்டத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் லூயிஸ் கிராண்டேல். இரும்புக்கை மாயாவி என்றால்தான் நம் ஊரில் தெரியும். 1962-இல் பிரிட்டனின் 'வேலியன்ட்' இதழில் அறிமுகமாகி, 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாகச் சிவகாசி வந்து சேர்ந்தவர். உடம்பில் கரண்ட் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார். அதுதான் பொய். ஆனால் இரும்புக்கை மட்டும் மறையாது. அது அந்தப் பொய்க்கு அவர் கட்டும் வரி. எதிரிகள் அந்தரத்தில் மிதக்கும் கையைக் குறிபார்த்துச் சுடலாம். எங்கள் ஊருக்கு வந்திருந்தால் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் மனிதர் மறையவே முடியாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். ஆளோடு சேர்ந்து சட்டை பேண்ட்டும் எப்படி மறைகிறது என்று மட்டும் கேட்காதீர்கள். எச்.ஜி. வெல்ஸின் மாய மனிதன் அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லப்போய், இங்கிலாந்துக் குளிரில் உடுப்பில்லாமல் தும்மிக்கொண்டு திரிந்தான்.

இந்தச் சட்டப் புத்தகத்தோடுதான் தியேட்டருக்குப் போவேன். 'இன்று நேற்று நாளை'யில் (2015) கால இயந்திரம் என்று ஒரு பொய். அதை வைத்துக்கொண்டு நாயகனும் நண்பனும் முதல் வேலையாக உலகத்தைக் காப்பாற்றக் கிளம்பவில்லை. தொலைந்த பொருள் எங்கே என்று சொல்லும் ஜோசியக் கடை போடுகிறார்கள். நம் ஆட்கள் கையில் கால இயந்திரம் கிடைத்தால் வேறென்ன நடக்கும்? நூற்றுக்கு நூறு.

'மார்க் ஆண்டனி'யில் (2023) கடந்த காலத்துக்குப் பேசும் டெலிபோன். பக்கத்து ஊருக்கு டிரங்க் கால் போட்டுவிட்டு நாள் முழுக்கக் காத்திருந்த பரம்பரை நாங்கள், இருந்தாலும் நம்பினேன். எஸ்.ஜே. சூர்யா பேசிய சத்தத்துக்கு ஃபோனே இல்லாமல் இருபது வருடம் பின்னால் கேட்டிருக்கும் என்பது வேறு விஷயம்.

'டிக் டிக் டிக்'கில் (2018) பூமியை நோக்கி விண்கல் வருகிறது. வரட்டும். அதைத் தடுக்க, மேஜிக் தெரிந்த திருடர் ஒருவரை ராக்கெட்டில் ஏற்றி அனுப்புகிறார்கள். ஸ்கூட்டர் லைசென்ஸுக்கே எட்டுப் போட்டுக் காட்டச் சொல்லும் நாடு இது. நான் பாப்கார்ன் வரிசையில் நின்றேன்.

'அயலா'னில் (2024) வேற்றுக்கிரகவாசி சித்தார்த்தின் குரலில் தமிழ் பேசுகிறது என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். மும்பையிலிருந்து வரும் நாயகிக்கே குரல் கொடுக்கிறோம். இத்தனை தூரம் வந்த விருந்தாளிக்குக் கொடுக்கக் கூடாதா?

நாவலில் என் சட்டத்தை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தவர் ஆண்டி வியர். 'புராஜெக்ட் ஹெயில் மேரி'யில் (2021) சூரியனின் சக்தியைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர் ஒன்று வருகிறது. பொய் அதோடு சரி; மிச்சமெல்லாம் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் விண்கலத்தில் உட்கார்ந்து போடும் கணக்கு. அவருக்கு நண்பனாக வாய்க்கும் ராக்கிக்குக் கண் கிடையாது, முகம் கிடையாது. ஐந்து கால், கல் போன்ற ஓடு, பேச்செல்லாம் சங்கீதம். அதற்கு அடிபட்ட அத்தியாயத்தை நடுராத்திரியில் படித்துக் கண்ணைத் துடைத்தபோது மனைவி விழித்துக்கொண்டாள்.

"என்னங்க, ஏன் அழறீங்க?"

"ஒரு சிலந்திக்கு உடம்பு சரியில்ல."

"மருந்து அடிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சுஜாதாவும் இந்தக் கட்சிதான். 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்ற இயந்திர நாயைப் பேசவைத்தார். சுற்றியிருக்கிற மனிதர்களைவிட அதற்குப் புத்தி அதிகம் என்பதை நான் பொய்க் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

இதெல்லாம் என் மாமாவுக்குப் பிடிக்காது. "என்ன மாப்ளே, நரைச்ச பிறகும் பொம்மைப் புஸ்தகம்? நடக்கிற கதையா ஒண்ணு பாரு" என்று குடும்பப் படம் ஒன்றுக்கு இழுத்துப் போனார். ஐம்பது தாண்டிய நாயகன் கல்லூரியில் சேர்கிறான். ஒரு உதையில் பதினைந்து பேர் வானத்துக்குப் போய் மெதுவாக இறங்குகிறார்கள். பொள்ளாச்சியில் தொடங்கிய பாட்டு சரணத்தில் சுவிட்சர்லாந்துக்குப் போகிறது. பனியில் அவனுக்குக் கோட்டு, அவளுக்கு மெல்லிய புடவை, தும்மல் இல்லை. மாலை ஆறு மணிக்கு அண்ணா சாலையில் அவன் காருக்கு எல்லா சிக்னலும் பச்சை. நெஞ்சில் மூன்று குண்டு வாங்கிய அப்பா, சொத்துப் பிரிவினை உட்பட எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். எந்தப் பொய்க்கும் ஒரு பைசா வரி இல்லை. எண்ணிக்கொண்டிருந்த எனக்கு இடைவேளைக்கு முன்பே கைவிரல்கள் தீர்ந்துவிட்டன.

விளக்குப் போட்டதும் மாமா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தியா மாப்ளே, அப்படியே நம்ம வீட்டுல நடந்த மாதிரி இல்ல?"