பூனைக்குத் தனி மாவட்டம்

நாய் இருக்கும் வீட்டுக்குப் புதுப் பூனை வந்தால் முதலில் தனித்தனி அறை. ஒன்று படுத்த துணியை மற்றது முகர வேண்டும். பிறகு மூடிய கதவின் இருபுறமும் சோறு. கடைசியில் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நேர்முகம். அவசரம் ஆகாது என்கிறார்கள் விவரமறிந்தவர்கள். பாவம், பெரம்பலூர் அனுபவம் இல்லாதவர்கள்!

எங்கள் பக்கம் எல்லாம் அரசாணைதான். 2001 ஜனவரியில் பெரம்பலூரிலிருந்து அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள். 2002 மார்ச்சில் சேர்த்தார்கள். 2007 நவம்பரில் மறுபடி பிரித்தார்கள். பெயர்ப்பலகை எழுதும் பெயின்டர் வரை வளர்ச்சி போய்ச் சேர்ந்தது.

வீட்டையும் அப்படியே முறைப்படி பிரித்தோம். கூடம் நாய்க்கு, தலைநகர் வாசற்படி. அடுப்படி பூனைக்கு, தலைநகர் பால்சட்டி. எலி எந்தப் பக்கம் ஓடுகிறதோ, அந்தப் பக்கத்து வழக்கு. சீறுவது, குரைப்பது சம்பந்தமான மனுக்கள் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மட்டும்.

இத்தனை ஏற்பாட்டுக்கும் பிறகு எட்டிப் பார்த்தால், இரண்டும் ஒரே காலி சிமெண்ட் சாக்கில் கட்டிப்பிடித்துத் தூங்குகின்றன. அப்பட்டமான எல்லை மீறல். சாக்கு எந்த மாவட்டத்தில் வருகிறது என்று அளக்க சர்வேயருக்குச் சொல்லியிருக்கிறோம். அதுவரை சண்டை போட்டுக்கொண்டிருக்குமாறு இரு தரப்புக்கும் நோட்டீஸ் ஒட்டியாயிற்று.