மூணு சம்பளக்காரன்

ஏலே பேராண்டி, மால் வாசல்ல கிரெடிட் கார்டுக்கு ஆள் புடிக்க மேசை போட்டு உக்காந்திருக்க பய "சம்பளம் 80,000னு போட்டுருவோம் சார்"னானாம், நீயும் கையெழுத்துப் போடப் போறியாம். உனக்குக் கைக்கு வாரது 32,000. ஒரு பேனா முனையில இம்புட்டுச் சம்பள உயர்வு எந்த முதலாளிலே தருவான்?

உன்னயும் குத்தம் சொல்ல முடியாது. நம்ம பக்கம் ஆளுக்கு மூணு சம்பளம். பொண்ணு பாக்கப் போகையில ஒண்ணு. வருமானச் சான்று வாங்கையில ஒண்ணு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு வருச வரும்படி 72,000க்குள்ள இருக்கணும்னு வச்சிருந்தாவல்லா, அப்போ புல்லட்டுல வந்து இறங்குனவனுக்கும் அச்சு அசலா அதே 72,000தான். பொறவு வரம்ப 1,20,000 ஆக்கினாவ. ஊரே ஒரே ராத்திரியில முன்னேறிட்டு! மூணாவது, இந்தக் கிரெடிட் கார்டு சம்பளம்.

ஆனா பேங்க்காரன் தாசில்தார் ஆபீசு கிடையாது. உன் பான் நம்பர வாங்கிட்டாம்லா, சிபில்ல உன் கடன் சாதகத்தையே பாத்துருவான். சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மெண்டு, ஃபாரம் 16னு ஒண்ணொண்ணாக் கேப்பான். கார்டு இல்லன்னுட்டாலும் நீ கேட்டது சிபில்ல பதிஞ்சு நிக்கும். சம்பளச் சீட்டையும் அந்தப் பயலே அடிச்சுத் தாரேங்கானா? அதுக்குப் பேரு மோசடி. கேசுன்னு வந்தா அவன் மேசைய மடக்கிட்டுப் போயிருவான், கையெழுத்து உன்னதுலே.

சரி, பேங்க்காரன் ஏமாந்து கார்டு கொடுத்துட்டான்னே வையி. 40,000க்குத் தேய்க்கே. கட்டவேண்டிய குறைஞ்சபட்சம் 2,000ன்னு பில்லு வரும், அத மட்டும் கட்டிட்டு மீசைய முறுக்குவே. மாசம் 3.5 வட்டி போடுத கார்டுன்னா 1,400 வட்டிக்கே சரி. அதுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 252. அசல்ல கழியுதது 348 ரூவா. நம்மூரு வட்டிக்காரன் வேட்டிய உருவுவான், வாஸ்தவந்தான். ஆனா வட்டிக்கு ஜிஎஸ்டி கேட்டது கிடையாது.

கார்டு வேணும்னா உள்ளதப் போடு. வீட்டு வாடகை வருதா, ரிட்டர்ன்ல காட்டிருக்கியா, அதையும் சேத்துச் சொல்லு, தப்பில்ல. அதுக்கும் தரலன்னா கொஞ்சம் ரூவாய பிக்சட் டெபாசிட்ல போடு. அத ஈடா வச்சுக்கிட்டு கார்டு குடுக்க பேங்க் எத்தனையோ இருக்கு, அங்க பெரும்பாலும் சம்பளத்தையே கேக்க மாட்டான்.

பொண்ணு வீட்டுல எவ்வளவு சொல்லணும்ங்கது வேற கணக்கு. அத நான் பாத்துக்கிடுதேன், நீ வாயத் தொறக்காத.