2,14,74,83,647 என்னும் எண்ணின் இலக்கணம்

எழுத்துக்கும் சொல்லுக்கும் இலக்கணம் செய்தோர் பலர். எண்ணொன்றைத் தனியே நிறுத்தி ஆராய்ந்தோர் சிலரே. அக்குறை தீர, 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 என்பதை எடுத்துக்கொண்டோம். இதன் குணங்கள் உடன்பிறந்தவை, வந்தேறியவை என இருவகைப்படும். வகைக்கு மூன்றாக, ஆறு. ஏழு என்பார் கூட்டல் அறியாதார்.

உடன்பிறந்தவற்றுள் முதலாவது வடிவம். 31 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் இது வரும். இரும முறையில் எழுதினால் 31 ஒன்றுகள் வரிசையாக நிற்கும்; பூஜ்யம் மருந்துக்கும் கிடையாது.

இரண்டாவது பகாமை. மரேன் மெர்சென் 1644இல் இதைப் பகா எண் என்றார்; அதே பட்டியலில் வேறு பிழைகள் இருந்ததால் அவர் சாட்சி செல்லாது. 1772இல் நிறுவியவர், பார்வையைப் பெரும்பாலும் இழந்திருந்த லியோனார்டு ஆய்லர். எவ்வாறெனின், இதை வகுக்கும் பகா எண் உண்டென்றால் அதை 248ஆல் வகுக்க மீதி 1 அல்லது 63 வரவேண்டும். 46,340ஐத் தாண்டித் தேடவும் வேண்டாம். அதற்குள் அந்த மீதிகளைத் தரும் எண்கள், பகுபடுவனவற்றையும் சேர்த்து, 1 நீங்கலாக 373தான். எதுவும் இதை வகுக்கவில்லை.

மூன்றாவது ஈகை. இதை 2இன் 30ஆம் அடுக்கால் பெருக்கினால் 19 இலக்க நிறைவெண் பிறக்கும். தன்னை நீக்கிய வகுத்திகளின் கூட்டுத்தொகை தானேயாக வருவது நிறைவெண்.

வந்தேறியவற்றுள் முதலாவது புகழ்: அறிந்த பகா எண்களில் பெரியது என்ற பட்டம், எண்பது ஆண்டுக்கு மேல். இரண்டாவது பழி: அந்த நிறைவெண்ணைவிடப் பெரியதை எவரும் தேடப்போவதில்லை, இவை வேடிக்கைக்கே ஒழியப் பயனுக்கல்ல என்று 1811இல் பீட்டர் பார்லோ எழுதிவிட்டார். மூன்றாவது பதவி: 32 பிட்டில் கூட்டல், கழித்தல் குறியோடு எழுதும் முழு எண்களுக்கு இதுவே உச்சம். 1970இன் தொடக்கத்திலிருந்து நொடி எண்ணும் யூனிக்ஸ் கடிகாரம் 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8:44:07க்கு இதைத் தொடும். திருத்தப்படாத கணினி அடுத்த நொடியே 1901 டிசம்பருக்குப் போய்விடும்.

அற்றேல், பதவி பகாமையால் வந்ததோ எனின், அன்று. 16 பிட்டில் அதே நாற்காலியில் இருந்த 32,767, 7×31×151 எனப் பிளவுபடும். வேலை வாங்கித் தந்தது வடிவமே.

பகாமை வீணோ எனின், அதுவும் அன்று. கணினிக்குள் தாயம் உருட்டும் முறைகளுள் ஒன்று, முந்தைய எண்ணை 16,807ஆல் பெருக்கி, இவ்வெண்ணால் வகுத்து, மீதியை எடுக்கும். இது பகா எண்ணாகவும் அது தக்க பெருக்கியாகவும் அமைந்ததால், 1 முதல் 2,14,74,83,646 வரை ஒவ்வொன்றும் ஒரு சுற்றில் ஒருமுறை தவறாது வரும்.

ஆகவே வடிவத்துக்கு உத்தியோகம் உண்டு, பகாமைக்கும் உண்டு. ஈகைக்கு மட்டும் இன்னும் அழைப்பு வரவில்லை. அந்த மட்டில் பார்லோவை மன்னிக்கலாம்.