குளிர் காயும் வேட்டைக்காரர்

அமெரிக்காவின் வடபகுதியிலுள்ள விஸ்கான்சின் மாகாணத்தில், நவம்பர் மாதக் கடைசியில், துப்பாக்கியால் மான் வேட்டையாடுவதற்குச் சர்க்கார் 9 நாள் அனுமதி அளிக்கிறது. அந்த 9 நாளுக்காக லட்சக்கணக்கான ஜனங்கள் விடிவதற்கு முன்பே காட்டுக்குள் புகுந்து, மரத்தில் கட்டிய பரண்மீது ஏறி, கை கால் அசைக்காமல் உறைபனியில் மணிக்கணக்காகத் தவமிருக்கிறார்கள். அந்தத் தவத்துக்கு உகந்த கோட்டு எது என்பதை வருஷத்தின் மற்ற நாட்களிலெல்லாம் ஆராய்ந்துகொண்டிருக்கும் நிபுணர் ஒருவர் அங்கே ஊர்தோறும் உண்டு.

பெண்ணுக்கு வரன் தேடும் தகப்பனார், பிள்ளையின் கோத்திரத்தில் தொடங்கி, அவன் பாட்டனாருக்கு நீரிழிவு இருந்ததா என்பது வரையில் விசாரிப்பதுபோல, நமது நிபுணர் கடையில் தொங்கும் ஒவ்வொரு கோட்டின் பூர்வோத்தரத்தையும் விசாரிப்பார். உள்ளே அடைத்திருப்பது வாத்தின் மெல்லிய தூவியா, செயற்கை இழையா? தூவியானால், ஓர் அவுன்ஸ் தூவி உப்பி நிற்பது 600 கன அங்குலமா, 800 கன அங்குலமா? உடம்பைக் காப்பது தூவியன்று, அதற்குள் அகப்பட்டு அசையாமல் நிற்கும் காற்றே என்பதையும், தூவி நனைந்தால் கட்டிதட்டி அந்தக் காற்றை விட்டுவிடும் என்பதையும், அந்தத் தோஷத்துக்குப் பரிகாரமாகவே 1980களில் அமெரிக்க ராணுவத்துக்காகப் பிரிமாலாஃப்ட் என்னும் செயற்கை இழையை உண்டாக்கினார்கள் என்பதையும், கேட்டவருக்கும் கேளாதவருக்கும் ஒரே சிரத்தையுடன் உபதேசிப்பார். பிறகு கோட்டைப் போட்டுக்கொண்டு, இல்லாத துப்பாக்கியைத் தோளில் ஏற்றி, ஒரு கண்ணை மூடி, கடையின் மூலையில் நிற்கும் துடைப்பத்துக்குக் குறிவைப்பார். கக்கத்தில் பிடிக்கிறதா என்று பார்த்தான பின், இரண்டு கைகளையும் காதருகே உயர்த்தி, ஒரு சட்டைக்கையை மற்றொன்றின்மேல் தேய்ப்பார். நைலான் ‘சரசர’வென்று முனகினால் தீர்ந்தது, மானுக்குக் கேட்டுவிடும் என்று கழற்றி மாட்டிவிடுவார். சத்தமே போடாத கம்பளியை எடுத்துக் கொடுத்தாலோ, பாரம் அதிகம் என்பார்.

இவ்வளவையும் வெறும் பைத்தியம் என்று தள்ளிவிடுவதற்கில்லை. சியாட்டில் நகரத்து எடி பாவர் என்பவர் 1930களில் குளிர்காலத்தில் மீன் பிடிக்கப் போய், கம்பளி நனைந்து விறைத்து, மரணத்தின் வாசல் வரை சென்று திரும்பிய பிறகே, தூவி அடைத்துத் தைத்த கோட்டை அமைத்து 1940இல் அதற்குச் சட்டப்படி உரிமை பெற்றார். அதே 1940ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் தேதி காலை இதமாக இருந்ததை நம்பி, மெல்லிய உடையுடன் மிஸிஸிப்பி நதிக்கு வாத்து வேட்டையாடப் போனவர்களில் பலர், திடீரென்று வந்த பனிப்புயலில் சிக்கி ஆற்றிடைத் திட்டுகளிலேயே விறைத்து மாண்டுபோனார்கள். இந்த விருத்தாந்தத்தைச் சொல்லும்போது மட்டும் நிபுணரின் குரல் தாழ்ந்துவிடும். கடைக்காரரும் சில்லறை எண்ணுவதை நிறுத்திவிடுவார்.

நிறத்தைப் பற்றிய விசாரம் தனி. காய்ந்த புல்லின் சாயலா, உதிர்ந்த ஓக் இலையின் சாயலா என்று வாரக்கணக்கில் சிந்தித்து அவர் ஒரு முடிவுக்கு வருவதற்குள், எதைப் போட்டாலும் அதன்மேல் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிற அரைச்சட்டையை மாட்டிக்கொள்ள வேண்டும் என்னும் சட்டம் ஞாபகத்துக்கு வந்துவிடும். ஒரு வேட்டைக்காரரை மற்றொருவர் சுட்டுவிடாமல் இருப்பதற்காக அங்கே 1980இல் வந்த ஏற்பாடு அது. ஆரஞ்சு பிடிக்காதவர்களுக்காக 2016இல் பளிச்சென்ற ரோஜா நிறத்தையும் அனுமதித்தார்கள். ஆரஞ்சு நிறம் மானின் கண்ணுக்கு அவ்வளவாக எடுபடாது என்பது நிபுணருக்கும் தெரியும். ஆயினும் உள்ளே இருப்பது ஓக் இலையாக இருந்தால்தான் அவருக்குத் திருப்தி.

இதற்குள் அவரிடம் யோசனை கேட்டுப் போனவர்கள் பத்து நிமிஷத்தில் கோட்டு வாங்கி, அவர் சொன்னபடியே, நடக்கும்போது வியர்த்து நனையாமலிருக்க அதைப் பையில் சுமந்து சென்று, பரணில் ஏறிய பிறகே அணிந்து, நடுங்காமல் உட்கார்ந்து மானுடன் திரும்பிவிடுகிறார்கள். நன்றி மறவாமல் ஆளுக்குக் கொஞ்சம் மான் இறைச்சிச் சாஸேஜ் கொண்டுவந்து கொடுப்பதால், காட்டுப் பக்கமே போகாத நிபுணர் வீட்டுக் குளிர்பெட்டியில்தான் ஊரிலேயே அதிக மான் இருக்கிறது.

இதைக் கண்டு மனம் பொறுக்காத நண்பர் ஒருவர், அவர் கூறிய லக்ஷணங்களெல்லாம் பொருந்திய கோட்டு ஒன்றை வாங்கி அவருக்கே பரிசளித்துவிட்டார். நிபுணர் அதைத் தடவிப் பார்த்தார்; காதருகே தேய்த்துப் பார்த்தார்; துடைப்பத்துக்குக் குறிவைத்தும் பார்த்தார். குற்றம் ஒன்றும் அகப்படாமையால் அன்று முழுவதும் சற்று வாட்டமாகவே இருந்தார். மறுநாள் காலையில், முகத்தில் பழைய தேஜஸ் திரும்பியவராய் நண்பர் வீட்டுக் கதவைத் தட்டி, “கோட்டு பிரமாதம், ஐயா! ஆனால் அது மட்டும் இருந்து என்ன பிரயோஜனம்? குளிர் முதலில் ஏறுவது பாதத்தின் வழியாக அல்லவா? பூட்ஸைப் பற்றி நாம் இன்னும் யோசிக்கவே இல்லையே!” என்றார்.