மேல்தொட்டி இல்லாத ஊரிலிருந்து

ஸ்கார்பரோ, டொராண்டோ
ஜனவரி

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். இங்கே குழாய்களும் நலம். தஞ்சாவூர்க் குழாய்களின் நலமறிய ஆவல். ரிஞ்சைக் கையில் எடுக்கும் பையன்களிடம் "முதல்ல தண்ணிய நிறுத்து, அப்புறம் யோசி" என்று நீங்கள் சொல்வதைத் தொழிலின் அரிச்சுவடி என்றுதான் நினைத்திருந்தேன். டெஃப்லான் டேப்பை மரை ஏறும் திசையிலேயே சுற்று, பிளாஸ்டிக் மரையை ரிஞ்ச் போட்டு நெரிக்காதே, பழைய வாஷரைத் தூக்கி எறியாதே, அளவு பார்க்க ஆகும் என்று நீளும் பட்டியலில் அதுவும் ஒன்று. இந்த ஊர் வீடுகளைப் பார்த்த பிறகு தெரிகிறது, மற்றதெல்லாம் சில்லறை, அது ஒன்றுதான் முழு நோட்டு. வீட்டு மெயின் வால்வு எங்கே இருக்கிறதென்று தெரியாமல் கனடாவில் குடியிருப்பவர், டூல்பாக்ஸ் நிறையச் சாமான் வைத்திருந்தாலும் ஒன்றும் இல்லாதவர்தான். இது என் கட்சி.

காரணம் தொட்டியில் இருக்கிறது, அதாவது தொட்டி இல்லாததில் இருக்கிறது. நம் வீட்டில் மேல்தொட்டிக்கும் அடுப்படிக் குழாய்க்கும் பன்னிரண்டு அடி இருந்தால் அதிகம். அந்த உயரத்துக்கு 5 பி.எஸ்.ஐ. பிரஷர் தேறும். குழாய் பிடுங்கிக்கொண்டு போனாலும் சின்டெக்ஸில் இருக்கும் ஆயிரம் லிட்டர் காலியானால் கூத்து முடிந்தது. மறுபடி நிரம்ப யாராவது மோட்டார் போட வேண்டும், அந்த நேரம் பார்த்துக் கரண்டும் இருக்க வேண்டும். நம் பற்றாக்குறையே நமக்குக் காவல்காரன். இங்கே தெருவிலிருந்து வரும் பைப் நேரே வீட்டுக்குள் நுழைகிறது, பிரஷர் 40-லிருந்து 80 பி.எஸ்.ஐ. வரை. நடுவாக 60 என்று வையுங்கள். அதற்குத் தொட்டியை 140 அடி உயரத்தில் கட்ட வேண்டும். பெரிய கோயில் விமானம் 216 அடி. அதில் மூன்றில் இரண்டு பங்கு ஏறி அங்கே சின்டெக்ஸை வைத்த மாதிரி. அந்தத் தொட்டியும் காலியாகாது, ஏனென்றால் பைப்பின் மறுமுனையில் இருப்பது ஒன்டாரியோ ஏரி. 1,640 கன கிலோமீட்டர் தண்ணீர், டெல்டாக்காரர் கணக்கில் சொன்னால் அறுநூறு மேட்டூர் அணைக்கு மேல். அரை அங்குல பைப் ஒன்று உடைந்தால் நிமிடத்துக்கு ஒரு வாளி தாராளமாகக் கொட்டும். காலையில் உடைந்ததை எட்டு மணி நேரம் கழித்து வேலையிலிருந்து வந்து பார்ப்பவருக்கு 480 வாளி காத்திருக்கும். மேட்டூரில் ஷட்டரை இறக்க அதிகாரிகள் இருக்கிறார்கள், இங்கே ஷட்டர் வீட்டுக்காரர் கையில்.

"அப்படியானால் மொட்டைமாடியில் ஒரு தொட்டி வைக்க வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். மாடி மொட்டையாக இருந்தால் அல்லவா? பனி வழிந்து விழச் சரிவாகப் போட்ட மரக்கூரை. ஜனவரியில் மைனஸ் இருபதுக்கும் இறங்கும் குளிரில் ஆயிரம் லிட்டர் தண்ணீரை வெளியே வைத்தால் ஒரு டன் ஐஸ்கட்டிதான் மிஞ்சும், அதைக் கூரை தாங்குமா என்பது அடுத்த கேள்வி. தெருவில் போகும் பைப்பையே நான்கடிக்கும் கீழே புதைக்கிறார்கள், மண்ணுக்குள் உறைபனி அவ்வளவு தூரம் இறங்கும்.

கொட்டிய தண்ணீர் எங்கே போகும் என்பது இதைவிடப் பெரிய வேடிக்கை. நம் குளியலறை நனைவதற்கென்றே கட்டியது: சிமென்ட் தளம், மூலைக்கு வாட்டம், மூலையில் நானி ட்ராப். குழாய் ஒழுகினால் எரிச்சல்தான் வரும், ஆபத்து வராது. இங்கே பெரும்பாலான வீடுகளில் குளியலறைத் தரையில் ஓட்டையே கிடையாது. தொட்டிக்குள் நின்று குளித்துவிட்டு, காலை மிதியடியில் துடைத்துக்கொண்டு வெளியே வர வேண்டும். வாளியும் சொம்புமாகக் குளித்து வளர்ந்தவர்களுக்கு இது தனிப் பயிற்சி. தரைக்குக் கீழே பலகை, பலகைக்குக் கீழே ஜிப்சம் அட்டையில் செய்த கீழ்வீட்டுக் கூரை. தண்ணீர் தனக்குத் தெரிந்த ஒரே வழியில், மின்விளக்கு மாட்டிய ஓட்டை வழியாக, சோபாவின் மேல் இறங்கும். வீடு கட்டியவர் தண்ணீர் ஒருநாளும் சிந்தாது என்று நம்பியிருக்கிறார். உங்கள் தொழிலில் இருக்கும் யாரும் அப்படி நம்ப மாட்டார்கள்.

பனிக்காலத்தில் பைப் வெடிப்பதிலும் இதே பாடம்தான். தண்ணீர் உறையும்போது ஒன்பது சதவீதம் பெருக்கிறது. ஐஸ் பைப்பைப் பிளக்கிறது என்று பொதுவாகச் சொல்கிறார்கள், முழு உண்மை அது இல்லை. ஐஸ் அடைப்புக்கும் மூடிய குழாய்க்கும் நடுவே சிக்கிய தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை, அடைப்பு வளர வளர அதன் பிரஷர் எகிறி, பைப் எங்கே பலவீனமோ அங்கே கிழிகிறது. குளிர் கடுமையான இரவில் குழாயை நூல் போலத் திறந்துவிடச் சொல்வதன் சூட்சுமம் இதுதான். கிழியும்போது பல சமயம் சத்தமே இருக்காது, ஐஸ் உருகிய பிறகுதான் வெள்ளம். அதனால் தோட்டத்துக் குழாய்க்கு உள்ளே இருக்கும் வால்வை அக்டோபரிலேயே மூடி, வெளிக்குழாயைத் திறந்து, மிச்சத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். இதிலும் முதல் வேலை மூடுவதுதான்.

பிளம்பரைக் கூப்பிட்டால் போகிறது என்பார்கள் சிலர். கூப்பிடலாம், தப்பில்லை. இந்த மாகாணத்தில் 9,000 மணி நேரம் அப்ரண்டிஸாக இருந்தால்தான் அந்தப் பட்டம். உங்கள் பையன்கள் கேட்டால் வேறு தொழிலுக்கு ஓடுவார்கள். ஆனால் அவ்வளவு படித்தவரும் வந்து இறங்கியதும் முதலில் செய்வது வால்வை மூடுவதுதான், அவர் பனியில் வண்டி ஓட்டி வந்து சேரும்வரை ஏரி வந்துகொண்டே இருக்கும். இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்பார்கள் வேறு சிலர். அந்தப் பாலிசியைப் பிரித்துப் படிக்கட்டும்: குளிர்காலத்தில் நாலைந்து நாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனால், தண்ணீரை மூடியிருக்க வேண்டும் அல்லது யாராவது தினமும் வந்து பார்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பைப் உறைந்து வெடித்ததற்குப் பணம் கிடையாது என்று பல பாலிசிகளில் இருக்கிறது. கோட்டு போட்ட கம்பெனிக்காரர்களும் கடைசியில் உங்கள் வாசகத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

வால்வு பெரும்பாலும் அடித்தளத்தில், தெருவைப் பார்த்த சுவரோரம், மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும், அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் என்றும் சேர்த்துக்கொள்ளலாம். பால் வால்வாக இருந்தால் கைப்பிடி பைப்போடு படுத்திருக்கும்போது திறப்பு, குறுக்கே நின்றால் மூடல். சக்கரம் வைத்த பழைய கேட் வால்வு என்றால் கொஞ்சம் பயபக்தி வேண்டும். வருஷக்கணக்காகத் தொடாத ஸ்பின்டிலை ஆத்திரத்தில் திருகினால் முறிந்து கையோடு வந்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூடித் திறந்து பழக்கி வைத்தால் அவசரத்தில் பேச்சு கேட்கும். மூடிய பிறகு வெந்நீர் ஹீட்டரை அணைத்துவிட்டு, கீழ்க்குழாயைத் திறந்து பைப்பில் நிற்பதை வடிக்க வேண்டும். யோசிப்பது அதற்கப்புறம்.

இதையெல்லாம் உங்களுக்கே எழுதுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கும் வேலைதான். ஆனாலும் நம் மேல்தொட்டிக்குக் கீழே இருக்கும் கேட் வால்வை இந்த வாரம் ஒருமுறை மூடித் திறந்துவிடுங்கள். பிளம்பர் வீட்டு வால்வுதான் இறுகிக் கிடக்கும்.

அன்புடன்,
உங்கள் மகன்