நாலு நாடு கடந்த கதை

டல்லாஸில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் ஒருநாள் வீடியோ காலில் வந்தான். பின்னால் காடு. காட்டுக்கு நடுவில் கருத்துப்போன கல் படிக்கட்டு.

"மாமா, மெக்சிகோவுல ஆரம்பிச்சேன். அப்புறம் பெலிஸ், குவாதமாலா, இப்ப ஹோண்டுராஸ். நாலு நாடு. ஃபிளைட்டே கிடையாது, எல்லாம் பஸ்ஸுதான். வழி பூரா மாயன் கோயிலா பார்த்துக்கிட்டு வரேன்."

திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவின் காதில் 'மாயன் கோயில்' மட்டும் விழுந்தது. "மாயன்னா நம்ம பெருமாள்தானே? அவரைப் பார்க்க எதுக்குடா இவன் நாலு நாடு சுத்தறான்? இங்க வந்து திருப்பதி பஸ் ஏறினா ஆச்சு."

அம்மா சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியாது. ஆண்டாளுக்கே அவர் மாயன்தான். குமரிக்கடலில் 133 அடி வள்ளுவரை நிறுத்திய கணபதி ஸ்தபதி, நம் சிற்ப சாஸ்திரத்து மயனையும் அந்தக் காட்டு மாயர்களையும் முடிச்சுப்போட்டுப் பேசியவர். தொல்லியல்காரர்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை. அம்மா அவர்களிடம் அபிப்பிராயம் கேட்பதில்லை.

பையன் விடவில்லை. "பாட்டி, சிச்சென் இட்சான்னு ஒரு இடம். பிரமிடுல ஒரு பக்கத்துக்கு 91 படி. நாலு பக்கமும், மேல் மேடையும் சேர்த்தா 365. வருஷத்தோட நாள் கணக்கு!"

"தொண்ணூத்தி ஒண்ணா? அலிபிரியில நான் 3,550 படி ஏறினவ. அதுவும் முட்டி வலியோட."

"அதுல இப்ப ஏற விடமாட்டாங்க, பாட்டி."

"அப்புறம் என்னத்துக்குடா போன?"

அம்மாவுக்கு அத்தோடு விஷயம் முடிந்தது. எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஹோண்டுராஸில் அவன் நின்றிருந்த கோப்பான் என்ற ஊரின் சிதிலங்களை 1839இல் ஸ்டீபன்ஸ் என்ற அமெரிக்கர் ஐம்பது டாலருக்கு விலை பேசி வாங்கியிருக்கிறார். கோவேறு கழுதை மேல் உட்கார்ந்து போனவர், ஒரு ராஜதானியையே பைக்குள் போட்டுக்கொண்டார். நானோ கங்காதர நெல்லூரிலிருந்து சித்தூருக்குப் போய் வந்தாலே இடுப்புக்கு எண்ணெய் கேட்கிற ஆள். பாஸ்போர்ட்டும் இல்லை.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. சோழர் கல்வெட்டில் 'நாடு' என்றால் என்ன? நாலு ஏரி, நாற்பது ஊர், கொஞ்சம் வாய்க்கால் தகராறு, அவ்வளவுதான். தொண்டை மண்டலத்தில் மட்டும் 24 கோட்டம், 79 நாடு என்பது பழைய கணக்கு. திருவல்லம் மீயாறு நாடு. மேற்பாடி தூநாடு. திருச்சானூர் குடவூர் நாடு. குடிமல்லம் சிலை நாடு. விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். நாலு! அதுவும் தரை வழியாக.

மனைவியை எழுப்பிச் சொன்னேன். "பஸ்ஸுல ஆதார் காட்டினா பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லை. உங்களுக்குத்தான் செலவு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் நாள் தெற்கே, ஆற்றோடு போனோம். சித்தூர்ப் பக்கம் நீவா என்று ஓடுகிற ஆறு, தமிழ்நாட்டுக்குள் போனதும் பொன்னை ஆறாகிவிடும். திருவல்லத்து அர்ச்சகர் தினமும் மலைக்குப் போய்த் தீர்த்தம் கொண்டுவரச் சிரமப்பட, சிவன் ஆற்றைப் பார்த்து "நீ வா" என்றாராம், அதுதான் நீவா ஆனது என்பது தலபுராணம். என் அக்கா மகன் ஒவ்வொரு எல்லையிலும் பாஸ்போர்ட்டை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றிருக்கிறான். ஆற்றுக்கு ஒரு வார்த்தை போதுமாக இருந்திருக்கிறது.

எங்கள் எல்லையில் நடந்த சம்பிரதாயம் ஒன்றே ஒன்றுதான். ஆந்திரா பஸ்ஸில் கண்டக்டர் என் மனைவியின் ஆதாரை வாங்கி, போட்டோவையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து ஜீரோ டிக்கெட் கிழித்தார். என்னிடம் திரும்பி, "சில்லர லேதா?" என்றார். தமிழ்நாட்டு டவுன் பஸ்ஸில் ஆதாரும் கேட்கவில்லை, அவளுக்குச் சும்மாவே டிக்கெட் வந்தது. என்னைப் பார்த்து, "சில்லறை இல்லையா?" என்றார்கள். இரண்டு ராஜ்ஜியங்களும் ஒற்றுமையாக இருக்கிற விஷயம் அது.

திருவல்லத்தில் நந்தி சிவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். "நம்ம வீட்டு ஹால்ல டிவி பார்க்கறவங்க மாதிரி" என்றாள் மனைவி. யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

மேற்பாடிக்கு உச்சிவெயிலில் போய் இறங்கியது என் முட்டாள்தனம். பூட்டு தொங்கியது. சாவிக்காரர் சாப்பிடப் போயிருக்கிறார் என்று ஒரு பாட்டி சொன்னாள். மதில் நிழலில் ஏற்கெனவே ஓர் ஆடு படுத்திருந்தது. நாங்கள் உட்கார்ந்ததும் அது எழுந்து, எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் பையிலிருந்த வாழைப்பழத்துக்குப் பக்கமாக மறுபடி படுத்தது.

இந்த ஊரில் முகாம் போட்டவர்களில் நாங்கள் முதல் ஆள் இல்லை. 949இல் தக்கோலத்தில் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானை மேலேயே மாண்ட பிறகு, தொண்டை மண்டலம் ராஷ்டிரகூடர் கைக்குப் போனது. 959இல் மூன்றாம் கிருஷ்ணன் மேற்பாடியில் படையோடு தங்கியிருந்தபோது கொடுத்த செப்பேடு இருக்கிறது. குல்பர்காவுக்குப் பக்கத்திலிருந்து யானை, குதிரையோடு இவ்வளவு தூரம் வந்திருக்கிறான். தரை வழிப் பயணம் என்றால் அது! அவனிடம் சில்லறை கேட்டவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

சாவி வந்தது. சின்னக் கோயில், தேர்போல அளவாக. செத்துப்போன ராஜாதித்தனின் தம்பி அரிஞ்சயனுக்கு அவன் பேரன் ராஜராஜன் எடுப்பித்த பள்ளிப்படை. 'ஆற்றூர்த் துஞ்சின தேவர்' என்று கல்வெட்டு அந்தத் தாத்தாவைச் சொல்கிறது. துஞ்சினார் என்றால் தூங்கினார் என்றும் அர்த்தம். போரில் பட்ட அவமானத்தையெல்லாம் பேரன் ஒரே ஒரு சொல்லில் போர்த்திவிட்டான். வெயிலில் சுட்ட எழுத்துகளை விரலால் தடவியபடி இதை மனைவிக்கு விளக்கினேன்.

"உங்களுக்கு உங்க பேரன் என்ன கட்டுவான்?"

"முதல்ல பல்லு கட்டட்டும்" என்றேன்.

மறுநாள் சித்தூர் வழியாகத் திருப்பதி. எங்கள் ஜில்லாவிலிருந்து வேறு ஜில்லா. 2022 ஏப்ரல் முதல் திருப்பதி தனி ஜில்லா ஆகிவிட்டது. எல்லை மாறும் விஷயத்தில் அம்மாவை யாரும் மிஞ்ச முடியாது. பிறந்தது சென்னை ராஜ்ஜியத்தில். 1953இல் ஆந்திர ராஜ்ஜியம், 1956இல் ஆந்திரப் பிரதேசம். எல்லாம் அதே திண்ணை, அதே தூண்.

திருச்சானூரில் தாயாரைச் சேவித்து, புளியோதரை சாப்பிட்டு, மூன்றாவது நாட்டை அரை மணியில் முடித்தோம். ரேணிகுண்டா. அங்கிருந்து ஷேர் ஆட்டோ, கண்ணாடி மணிக்குப் பேர்போன பாப்பாநாயுடுபேட்டை. டிரைவரின் இடது பக்கம் பாதி சீட்டில் நானும், மீதி காற்றிலுமாகக் குடிமல்லம் போய்ச் சேர்ந்தேன்.

கர்ப்பக்கிரகம் தரைமட்டத்துக்குக் கீழே, யானை முதுகுபோல வளைந்த கட்டுமானத்துக்குள் இருக்கிறது. குனிந்து பார்க்க வேண்டும். தீபம் உயர்ந்தது. ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைந்த லிங்கம். அதிலிருந்து வெளியே வருகிறவர்போல ஒருவர் நிற்கிறார். ஒரு கையில் ஆட்டுக்கடா, மறு கையில் சின்னக் கலசம், தோளில் மழு. காலடியில் ஒரு குள்ளன், நசுங்கியும் சிரித்த முகமாக. நகையெல்லாம் இருக்கிறது, பூணூல் இல்லை. கிறிஸ்துவுக்கு முந்தைய ஓரிரு நூற்றாண்டுகளைச் சேர்ந்தவர் என்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் கணிப்பு. 1911 வாக்கில் தொல்லியலாளர் கோபிநாத ராவ் எழுதிய பிறகுதான் வெளியுலகம் இவரைத் தெரிந்துகொண்டது. ஊர்க்காரர்கள் எப்போதும்போலக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்கள். மாயர்களின் டிக்கல் நகரத்துப் பெரிய பிரமிடுகள் எழுந்தபோது இவருக்குப் பல நூறு வயது.

மனைவி ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "அந்த ஆட்டைப் பாருங்க. நேத்து நம்ம வாழைப்பழத்தைத் தின்னுச்சே, அதே மூஞ்சி" என்றாள்.

வெளியே வந்ததும் அக்கா மகனுக்கு போன் போட்டேன். "போட்டோ அனுப்புங்க மாமா" என்றான். உள்ளே எடுக்கக்கூடாது. வெளியே நான் எடுத்த ஒரே படத்தில் கோபுரம் பாதி, என் கட்டைவிரல் பாதி. அதை அனுப்பினேன். "சூப்பர் மாமா" என்று பதில் வந்தது. "உங்களுக்கு ஹோண்டுராஸ்லருந்து ஒரு கல் பிரமிடு அனுப்பியிருக்கேன். வந்துடுச்சா?"

பதினைந்து நாள் கழித்து கூரியர்காரர் பேசினார். "சார், பார்சல் நெல்லூர்ல இருக்கு. வந்து வாங்கிக்கிங்க."

"நான் இருக்கறது கங்காதர நெல்லூர்ங்க."

"அதுவும் நெல்லூர்தானே சார்."

இருநூறு கிலோமீட்டருக்கு மேல். கடலைத் தாண்டி வந்த மாயன், கடைசிப் பஸ்ஸைத் தவறவிட்டு அங்கே உட்கார்ந்திருக்கிறார். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு யோசிக்கும்போதே மனைவி பீரோவைத் திறந்து ஆதாரை எடுத்துவிட்டாள். போகிற வழியில் காளஹஸ்தியும் பார்த்துக்கொள்வாளாம். அம்மாவும் கூட வருகிறாளாம். இரண்டு பேருக்கும் ஜீரோ டிக்கெட்.