ஒரு கணக்கும் செய்யாமல் பத்து வருடப் பாஸ்பேப்பர் முடிப்பது எப்படி?

இலங்கையில் உயர்தரத்துக்குக் கணிதப் பிரிவை எடுத்த பிள்ளைக்குக் கிடைக்கும் புத்திமதி ஒன்றுதான்: "பாஸ்பேப்பர் செய். பத்து வருடப் பாஸ்பேப்பர் செய்தால் காணும்." எப்படிச் செய்வது என்று யாரும் சொல்வதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்த வழிகாட்டி. இதன்படி நடந்தால் இணைந்த கணிதத்தின் முதலாம் வினாத்தாளை, அதாவது தூய கணிதத்தை, மூளைக்கு நோகாமல் பத்து வருடத்துக்கும் முடித்துவிடலாம். தலையிடி வராது, நித்திரை கெடாது. பெறுபேற்றுக்கு மட்டும் நாங்கள் பொறுப்பில்லை.

முதலில் களத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். நேரம் மூன்று மணித்தியாலம். ஏ பகுதியில் 10 வினாக்கள். எல்லாம் செய்ய வேண்டும். ஒன்றுக்கு 25 புள்ளி. பீ பகுதியில் 7 வினாக்கள், 5 செய்தால் போதும், ஒன்றுக்கு 150. மொத்தம் 1,000. அதைப் பத்தால் பிரித்தால் உங்கள் தலைவிதி. கல்குலேட்டர் கொண்டுபோக முடியாது. இந்த விபரங்களை நண்பர்களுக்கு விளக்கிச் சொல்வதையே ஒரு நாள் படிப்பாகக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

படி 1: ஆயத்தம்

புதுக் கொப்பி வாங்குங்கள். நாலு நிறப் பேனை வாங்குங்கள். நேரசூசி ஒன்று கீறி, அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, மேசைக்கு மேலே ஒட்டுங்கள். காலை 4.00 முதல் 6.00 வரை தூய கணிதம் என்று அதில் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் யாரும் எழும்பிப் பார்க்கப் போவதில்லை. பிறகு கதவைச் சாத்துங்கள். மிச்சத்தை வீடு பார்த்துக்கொள்ளும். "பிள்ளை கணக்குச் செய்யுது, ரீவியைக் குறையுங்கோ" என்று அம்மா சொல்வார். "எங்கட காலத்தில தூய கணிதம் ஒரு பாடம், பிரயோக கணிதம் ஒரு பாடம், மொத்தம் நாலு. இதுகளுக்கு மூண்டுதானே!" என்று அப்பா சொல்வார். இரண்டையும் கேட்டுக்கொண்டு போனைப் பார்க்கலாம்.

படி 2: வரும் கணக்கை மட்டும் செய்யுங்கள்

பீ பகுதி பெரும்பாலும் இருபடிச் சமன்பாட்டில் தொடங்கும். அது எல்லோருக்கும் வரும். ஆகவே பத்து வருடத்து இருபடிச் சமன்பாட்டையும் ஒரே மூச்சில் செய்யுங்கள். பிறகு அதே பத்தையும் திரும்பச் செய்யுங்கள். கை தானாக ஓடும்; மனதுக்கு இதமாக இருக்கும். வட்டம், தொகையீடு, சிக்கலெண் போன்ற இதமில்லாத பக்கங்களைப் பேப்பர்க்கிளிப் போட்டு மூடிவிடலாம்.

"ஏழில் ஐந்துதானே, இரண்டு அலகை விட்டால் என்ன?" என்பது இந்த வழியின் தாரக மந்திரம். 7இலிருந்து 5ஐத் தெரிய 21 வழிகள் உண்டு. வரிசைமாற்றமும் சேர்மானமும் என்ற அலகை விட்டவருக்கு அந்த 21 எங்கிருந்து வந்தது என்று தெரியாது, ஆகவே கவலையும் இல்லை. பீ பகுதியின் ஒரே வினாவுக்குள் ஒரு பாதி ஓர் அலகிலிருந்தும் மறு பாதி வேறோர் அலகிலிருந்தும் வருவது வழக்கம் என்பதையும், ஏ பகுதியில் தெரிவே இல்லை என்பதையும் பரீட்சை மண்டபத்தில் தெரிந்துகொண்டால் போதும்.

படி 3: ஸ்கீமைத் திறந்து வைத்துச் செய்யுங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியின் இதயம். இடது கைப்பக்கம் வினாத்தாள், வலது கைப்பக்கம் ஸ்கீம் என்ற புள்ளித்திட்டம், நடுவில் கொப்பி. வினாவை ஒருமுறை வாசியுங்கள். வானத்தைப் பாருங்கள். உடனே வலது பக்கம் திரும்புங்கள்.

எல்லைக் கணக்கு ஒன்றை எடுப்போம். தொகுதியில் (4 + எக்ஸ்) இன் வர்க்கமூலம் கழித்தல் 2, பகுதியில் எக்ஸ். எக்ஸ் பூச்சியத்தை அணுகும்போது எல்லை என்ன? நேரே 0 போட்டால் மேலும் பூச்சியம், கீழும் பூச்சியம். ஸ்கீமில் அடுத்த வரி: மேலேயும் கீழேயும் வர்க்கமூலம் கூட்டல் 2 ஆல் பெருக்கு. ஓரத்தில் வட்டமிட்ட ஒரு 5. தொகுதி சுருங்கி வெறும் எக்ஸ் ஆகிறது. பகுதியிலுள்ள எக்ஸோடு வெட்டுப்படுகிறது. இன்னொரு 5. விடை கால். "சரி சரி, எனக்கும் அதுதான் வந்திருக்கும்" என்று தலையாட்டிவிட்டு அடுத்த கணக்குக்குப் போங்கள்.

தலையாட்டும்போது மனதுக்குள் ஒரு நிறைவு வரும். ரீவியில் சமையல் பார்த்து வயிறு நிரம்பியவனுக்கு வரும் அதே நிறைவு. அந்தக் கூட்டல் 2 எப்படித் தோன்றியது, கழித்தல் இருந்த இடத்தில் கூட்டலால் பெருக்கினால் ஏன் வர்க்கமூலம் மறைகிறது என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு பேப்பரே ஒரு கிழமை எடுக்கும். நீங்கள் முடிக்க வேண்டியது பத்து.

ரியூசனிலும் இதே முறைதான். சேர் பலகையில் மூன்று நிறத்தில் கணக்கை முடித்துவிட்டுத் திரும்பி, "விளங்கிச்சுதோ?" என்பார். மண்டபம் முழுக்க "ஓம் சேர்!" உங்கள் குரலும் அதில் இருக்க வேண்டும். "ஏன் சேர் அதால பெருக்கினனீங்கள்?" என்று கேட்பவன் எல்லோரையும் பஸ்ஸுக்குப் பிந்த வைக்கிறான்.

படி 4: "இதிலிருந்து" என்ற சொல்லைக் கண்டுகொள்ளாதீர்கள்

வினாத்தாளில் "இதிலிருந்து", "உய்த்தறிக" என்ற சொற்கள் அடிக்கடி வரும். முதற்பாதியில் கிடைத்ததை இரண்டாம் பாதியில் பயன்படுத்து என்று பரீட்சகர் வெளிப்படையாகவே சொல்லும் இடம் அது. நமக்கு யாருடைய தயவும் வேண்டாம்.

முதற்பாதி: 1இன் கீழ் ஆர் தடவை (ஆர் + 1) என்பது, 1இன் கீழ் ஆர் கழித்தல் 1இன் கீழ் (ஆர் + 1) எனக் காட்டுக. காட்டியாயிற்று. இரண்டாம் பாதி: இதிலிருந்து 1/2 + 1/6 + 1/12 + 1/20 என்று 99 உறுப்புகள் வரை கூட்டுக. தெரிந்தவர் ஒவ்வோர் உறுப்பையும் இரண்டாகப் பிரித்து எழுதுவார். ஓர் உறுப்பின் வால் அடுத்த உறுப்பின் தலையோடு வெட்டுப்பட்டு, கடைசியில் 1 கழித்தல் 1/100 மட்டும் மிஞ்சும், விடை 99/100. நீங்கள் அப்படிச் செய்யக் கூடாது. முதற்பாதியை மறந்துவிட்டுப் பொதுப்பகுதி எடுக்கத் தொடங்குங்கள். நாலு உறுப்பில் 4/5 என்று சரியாகவே வரும், உற்சாகமாக இருக்கும். இன்னும் 95 உறுப்புத்தான் பாக்கி.

படி 5: கணிதத் தொகுத்தறிவுக்குக் குறுக்கு வழி

இந்த நிறுவலுக்கு ஒரு சடங்கு உண்டு. என் = 1இற்கு உண்மை எனக் காட்டு; என் = கே இற்கு உண்மை எனக் கொள்; கே + 1இற்குக் காட்டு; முடிவை எழுது. சடங்கு மனப்பாடமானால் போதும், கணக்கைப் பார்க்கவே வேண்டாம். இன்னும் நேரம் மிச்சம் பிடிக்க விரும்பினால் முதற்படியை விட்டுவிடுங்கள். அது எப்போதும் சின்னக் கணக்குத்தானே.

முதற்படியை விட்டால் கிடைக்கும் சுதந்திரமே தனி. "ஒவ்வோர் எண்ணும் தனக்கு அடுத்த எண்ணுக்குச் சமம்" என்று நிறுவிப் பாருங்கள். கே இற்கு உண்மை எனக் கொண்டால் கே = கே + 1. இரு பக்கமும் 1ஐக் கூட்டினால் கே + 1 = கே + 2. ஆகவே கே + 1இற்கும் உண்மை. ஒரு பிழையும் இல்லை! 1 = 2 என்பது மட்டும் இடிக்கிறது; அதைத்தான் விட்டுவிட்டோமே.

இரண்டாம் படியும் பாரமாகத் தெரிந்தால், நாலைந்து எண்ணுக்குப் போட்டுப் பார்த்து "எனவே எல்லா எண்ணுக்கும் உண்மை" என்று முடிக்கலாம். ஓயிலரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கோவை ஒன்று உண்டு: என் வர்க்கம் + என் + 41. இதில் 0, 1, 2 என்று 39 வரை போட்டுக்கொண்டு போனால் ஒவ்வொரு முறையும் முதன்மை எண்ணே வரும். 40 போட்டால் 1,681. அது 41இன் வர்க்கம். நீங்கள் நாலில் நிறுத்திவிடுவீர்கள், ஆகவே பயமில்லை.

படி 6: "காட்டுக" என்றால் காட்டிவிடுங்கள்

"எனக் காட்டுக" என்று முடியும் வினாவில் விடை முன்கூட்டியே தரப்பட்டிருக்கிறது. திரிகோணகணிதத்தில் இது பெரிய வசதி. இடப்பக்கத்திலிருந்து மேலேயிருந்து கீழே நாலு வரி வாருங்கள். வலப்பக்கத்திலிருந்து கீழேயிருந்து மேலே நாலு வரி போங்கள். இரண்டும் நடுவில் சந்திக்க வேண்டும். சந்திக்காவிட்டால் அந்த நடு வரியைச் சற்றுச் சின்ன எழுத்தில் எழுதுங்கள். ஒரு கழித்தல் குறி அங்கே யாரும் காணாமல் கூட்டலாக மாறும். கீழே "எனவே" போட்டு இரட்டைக் கோடு கீறுங்கள். பேப்பர் திருத்துபவர் இதற்கு முன் இப்படி எதையும் கண்டிருக்கமாட்டார் என்ற நம்பிக்கை முக்கியம்.

படி 7: விடை வந்ததும் கொப்பியை மூடுங்கள்

ஹங்கேரியில் பிறந்த ஜோர்ஜ் போல்யா என்ற கணிதவியலாளர், கணக்குத் தீர்ப்பது பற்றி 1945இல் ஒரு புத்தகம் எழுதினார். வினாவை விளங்கு, திட்டமிடு, செய், செய்ததைத் திரும்பிப் பார் என்று நாலு படி சொன்னார். நாலாவது வீண்வேலை என்பது நமது கட்சி.

சமனிலி ஒன்று: எக்ஸின் கீழ் (எக்ஸ் − 2) என்பது 3ஐ விடப் பெரிது. இரு பக்கமும் (எக்ஸ் − 2) ஆல் பெருக்குங்கள். எக்ஸ் பெரிது 3எக்ஸ் − 6. ஆகவே எக்ஸ் 3ஐ விடச் சிறிது. மூன்றே வரி. கொப்பியை மூடுங்கள்.

திரும்பிப் பார்ப்பவன் என்ன செய்வான்? 0 என்பது 3ஐ விடச் சிறிதுதானே என்று போட்டுப் பார்ப்பான். இடப்பக்கம் பூச்சியம் வரும். பூச்சியம் 3ஐ விடப் பெரிதா? அவனுக்கு வயிற்றைக் கலக்கும். பெருக்கிய (எக்ஸ் − 2) மறைக் கணியமாக இருந்தால் சமனிலியின் குறி திரும்ப வேண்டுமே என்று அப்போதுதான் உறைக்கும். எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொண்டுவந்து, குறி அட்டவணை போட்டு, விடை 2இற்கும் 3இற்கும் இடையில் மட்டும் என்று கண்டுபிடிப்பான். அதற்குள் நீங்கள் இரண்டு கணக்கு முன்னால் போயிருப்பீர்கள், பிழையான விடையோடு.

படி 8: சாட்டுகளைத் தயாராக வைத்திருங்கள்

"இந்த முறை பேப்பர் சிலபஸுக்கு வெளியால." "நேரம் காணேல்லை." "கேள்வி பிழை." இவை சாதாரணமானவை. பெரிய சாட்டு வேண்டுமென்றால் ராமானுஜனைத் துணைக்கு அழையுங்கள். அவரே கல்லூரிப் பரீட்சையில் தவறியவர்தானே! அவர் கணிதத்தில் தவறவில்லை, கணிதத்திலேயே மூழ்கி மற்றப் பாடங்களை விட்டதால் தவறினார் என்பதைச் சொல்லாமல் விடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லாதீர்கள். 1903 அளவில் கும்பகோணத்தில் அவர் கைக்கு வந்தது கார் என்பவர் தொகுத்த புத்தகம். அதில் ஏறக்குறைய 5,000 முடிவுகள் வரிசையாக இருந்தன. நிறுவல்கள் சுருக்கம், பல இடங்களில் இல்லவே இல்லை. அதாவது விடை உண்டு, ஸ்கீம் இல்லை. வழியைப் பதின்ம வயதுப் பையன் ஒருவன் தானே தேட வேண்டியிருந்தது. ஒரு நல்ல ஸ்கீம் புத்தகம் கிடைத்திருந்தால் அவரும் நம்மைப்போல நிம்மதியாக இருந்திருப்பார்.

இவ்வளவும் செய்தால் பத்து வருடப் பாஸ்பேப்பரும் முடிந்துவிடும். கொப்பி நிறைந்திருக்கும். எழுத்து அழகாக இருக்கும். பரீட்சையில் வினாத்தாளைத் திறக்கும்போது எல்லாக் கணக்கும் எங்கேயோ பார்த்த முகமாக இருக்கும். பெயர்தான் நினைவுக்கு வராது.

இந்த வழி பிடிக்கவில்லை என்றால், தம்பி, தங்கச்சி, மற்ற வழி கொஞ்சம் கஷ்டமானது. ஒரே ஒரு கணக்கை எடுங்கள். ஸ்கீமை அடுத்த அறையில் வைத்துவிட்டு வாருங்கள். அரை மணித்தியாலம் அந்தக் கணக்கோடு மட்டும் இருங்கள். வராவிட்டால், எந்த இடத்தில் நிற்கிறீர்கள், ஏன் நகர முடியவில்லை என்று கொப்பியிலேயே எழுதுங்கள். பிறகு போய் ஸ்கீமில் அடுத்த ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். முடிந்ததும் ஓர் எண்ணைப் போட்டுச் சரிபாருங்கள். ஒரு கிழமை கழித்து அதே கணக்கை வெறுந்தாளில் திரும்பச் செய்யுங்கள். இப்படிப் போனால் பத்து வருடப் பேப்பர் முடியாமல் போகலாம். பரவாயில்லை. பரீட்சை மண்டபத்தில் தருவது வினாத்தாள் மட்டும். ஸ்கீமை அங்கே யாரும் தரமாட்டார்கள்.